புள், பறை, செய்தி

பறவை பார்த்தல் பற்றித் தமிழில் இப்போது நிறைய எழுதப்படுகிறது. பெரும்பாலும் ஒரே அச்சு: கோடை விடுமுறை, தாத்தா ஊர், காலை நடை, கழுத்தில் பைனாகுலர், கடைசியில் ஒரு பட்டியல். இந்த எழுத்தில் பறவை உண்டு, ஊரும் உண்டு. ஊர்க்காரர்கள் மட்டும் வழி காட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். பார்க்கிறவருக்கு அந்த ஓய்வு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் பறவை பார்க்க முடியாது என்பதே நான் சொல்ல வருவது.

கோடை என்பதையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் மூடும், பட்டணத்துப் பிள்ளைகள் ஊருக்கு வரும். பட்டாசுத் தொழிலுக்கோ வெயில்தான் மூலதனம். மருந்தும் திரியும் காய வேண்டும். மழை வந்தால் வேலை படுக்கும். ஒருவருக்கு விடுமுறையாக வருகிற அதே வெயில் இன்னொருவருக்கு உற்பத்தியாக வருகிறது. முதல் நாட்காட்டியில் எழுதப்பட்டதைத்தான் நாம் பறவை இலக்கியம் என்று வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் எழுதிய 'இந்தியப் பறவைகள்' 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. ஆங்கில, லத்தீன் பெயர்களோடு தமிழ், தெலுங்குப் பெயர்களையும் அவர் குறித்திருக்கிறார். அப்பெயர்களைச் சொன்னவர்கள், கண்ணி வைத்துப் பிடித்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள். அன்றைக்குப் பறவையை அறிவது என்றால் சுட்டுத் தோலை உரித்துப் பாடம் செய்வதுதான். சாலிம் அலியின் கதையும் துப்பாக்கியில்தான் தொடங்குகிறது. சிறுவனாக இருந்தபோது சுட்ட ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டைத் தூக்கிக்கொண்டு, 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். 1985இல் வந்த அவருடைய தன்வரலாற்றின் தலைப்பே அந்தச் சிட்டின் வீழ்ச்சிதான். பைனாகுலர் பின்னால் வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. துப்பாக்கி பிடித்தவர்கள் அறிஞர்களான பிறகு, கௌதாரிக்கும் காடைக்கும் கண்ணி வைத்துப் பிழைத்தவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு வேறொரு வகைப்பாடு தெரியும். தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. செய்தி என்றால் தொழில். பறவையும் ஓசையும் அந்த நிலத்து மக்கள் செய்யும் தொழிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பறவைக் கையேடு செய்த காரியம், இந்த வரிசையிலிருந்து புள்ளை மட்டும் பிய்த்தெடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டியது. அந்தப் பிய்த்தெடுப்பால் கிடைத்த அறிவை நான் மறுக்கவில்லை. கழன்று விழுந்தது என்ன என்பதுதான் என் கேள்வி.

சாத்தூர்ப் பக்கம் என் சித்தி ஒருவர் இருக்கிறார். எட்டு வயதில் தீப்பெட்டி ஆலைக்குக் குச்சி அடுக்கப் போனவர். போன கோடையில் கையேட்டை விரித்து ஒவ்வொரு படமாகக் காட்டினேன். கரிச்சான் படத்தைப் பார்த்து, "இதுவா அது?" என்றார். குரலைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "கரிச்சான் கத்துறப்பவே எந்திரிச்சிருவோம்ப்பா. அது ஓயுறதுக்குள்ள பஸ்ஸு வந்துரும். ஆக்காட்டி, பக்கி எல்லாம் கேட்டிருக்கேன். எங்க பாத்தோம்? போறப்பவும் இருட்டு, வாறப்பவும் இருட்டு." விடியுமுன் கத்துகிற கரிச்சானைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இருக்கிற தகவல்தான் இது. ஆனால் யார், எதற்காக அந்நேரம் விழித்திருந்தார்கள் என்பது கையேட்டில் கிடையாது.

அந்தப் பஸ்ஸுக்கும் வரலாறு உண்டு. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பட்டாசு அதன் தொடர்ச்சி. 1940இன் வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு உரிமம் பெற்ற ஆலைத் தொழிலாக வளர்ந்தது. மானாவாரிக் கரிசல் பொய்த்தபோதெல்லாம் கிராமங்கள் ஆலைக்கு ஆள் அனுப்பின. விடியுமுன் ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிப் போன பேருந்துகளைப் பற்றி 1980களில் நிறைய எழுதப்பட்டது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசியை முன்வைத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அபாயகரமான வேலையில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும்.

இனி அதே மாவட்டத்தின் மறுகோடிக்குப் போகலாம். 'அதே மாவட்டம்' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். 1910இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் சிவகாசியும் இருந்தது, திருப்பத்தூர் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியும் இருந்தது. 1985இல்தான் அவை வெவ்வேறு மாவட்டங்களாயின. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வக்காவும் அங்கே கூடு கட்டும். அவை மிரளக் கூடாதென்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஒரு மூலையில் இந்தியாவின் வெடிச்சத்தத்தில் பெரும்பகுதி தயாராகிறது. இன்னொரு மூலையில் அந்தச் சத்தத்தை வேண்டாமென்று ஒதுக்கி வைக்கிறார்கள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பத்திரிகைகள் இந்த ஊரைப் பாராட்டுகின்றன. பாராட்டு நியாயம்தான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: மௌனம் புண்ணியமாகவும், சத்தம் தயாரிக்கிறவன் பாவியாகவும் ஆகிவிடுகிறார்கள். வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து ஊரார் முறையிட, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு கொடுத்ததாக வரலாறு. ஊரார் பறவைகளை ரசித்ததோடு நிற்கவில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே புள்ளும் செய்தியும் பிரியவில்லை; துப்பாக்கிச் சத்தம் இரண்டுக்கும் பகையாக வந்தது. ஆகத் தமிழகத்தில் பறவைப் பாதுகாப்பின் வரலாறு கண்ணைவிடக் காதோடுதான் அதிகம் சம்பந்தப்பட்டது.

மௌனத்துக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. கண்மாய் நிறைந்தால் நாரை வரும், நாரை வந்தால் ஊர் மௌனம் காக்கும். கண்மாய் வறண்ட கரிசலில் ஜனங்கள் சத்தத்தை விற்றுப் பிழைத்தார்கள். எச்சத்தில் இருக்கிற நைட்ரஜன்தான் வெடியுப்பிலும் இருக்கிறது. ஒன்று நெல்லாகிறது, மற்றது 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்ததுபோல் சாவாகிறது. சிவகாசிக்குச் சுற்றுச்சூழல் உபதேசம் செய்கிறவர்கள் முதலில் வைப்பாற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசட்டும்.

2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நல்ல முயற்சி. அதன் விதிப்படி பார்த்ததை மட்டுமல்ல, குரல் கேட்டு அறிந்ததையும் பட்டியலில் சேர்க்கலாம். அப்படியானால் ஒரு தலைமுறைப் பெண்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இருட்டில் கேட்டதெல்லாம் பறவையியல் ஆவணம்தான்: இடம், நேரம், பறவை, மூன்றும் அவர்களிடம் துல்லியமாக இருக்கின்றன. போய்க் கேட்டு எழுத வேண்டியதுதான் பாக்கி. எழுதும்போது நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ள வேண்டும்: செய்தி.