சிமுலேட்டர் வழிக் கடலோடிப் பயிற்சி: பயிற்றுநரும் மதிப்பீட்டாளரும் (திருகோணமலை)

கப்பலின் பிரிட்ஜ், ராடர், இயந்திர அறை ஆகியவற்றைக் கரையிலேயே போலச்செய்து காட்டும் கருவி சிமுலேட்டர் எனப்படும். அதனைக் கொண்டு கடலோடிகளுக்குக் கற்பிப்போரையும் அவர்களின் திறனை மதிப்பிடுவோரையும் உருவாக்குவது கடல்சார் கல்வியின் தனிப் பிரிவு. இலங்கையின் கிழக்குக் கரையில் இத்துறையைப் பற்றிப் பேசுமிடத்து, திருகோணமலை டொக்யார்டில் 1967 ஜனவரி 15இல் நிறுவப்பட்ட கடற்படை கடல்சார் கல்விக்கழகத்தையே முதலில் குறிப்பிட வேண்டும்.

முன்வரலாறு

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் பிரித்தானியரின் கீழைக் கடற்படைக்குத் திருகோணமலையின் தேவை கூடிற்று. ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

அதே ஆண்டின் தொடக்கத்தில், லிவர்பூலில் கப்டன் கில்பேர்ட் ரொபேர்ட்ஸ் தலைமையில் தந்திரோபாயப் பயிற்சிக் கூடம் ஒன்று திறக்கப்பட்டிருந்தது. தரையில் கட்டம் வரைந்து சிறு கப்பல் உருக்களை நகர்த்துவார்கள்; நீர்மூழ்கியின் தடத்தைப் பச்சைச் சோக்கால் கீறுவார்கள். திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட அதிகாரிக்குத் துளையூடாகத் தெரிவது மட்டுமே தெரியும். பச்சைக் கோடு கண்ணிற் படாது. இப்போர் ஆட்டத்தை நடத்தியவர்களுள் பலர் கடற்படைப் பெண்கள் சேவையைச் சேர்ந்த இளம் பெண்கள். போர்க்கப்பல் செலுத்தியறியாத அவர்கள், அத்திலாந்திக்கில் வணிகக் கப்பல் தொடரணிகளைக் காத்துவந்த அதிகாரிகளுக்குப் பிழை நேர்ந்த இடத்தைக் காட்டினார்கள். ஏறத்தாழ 5,000 பேர் அங்கு பயின்றனர். கணினி இல்லாத சிமுலேட்டர் என்றே இதனைக் கொள்ள வேண்டும். நல்ல பயிற்றுநருக்கு நீண்ட கடலனுபவம் மட்டுமே தகுதி என்ற வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

போருக்குப்பின் கவனம் ராடருக்குத் திரும்பியது. 1956 ஜூலை 25இல் அந்திரியா டோரியா, ஸ்டொக்ஹோம் என்னும் பயணிகள் கப்பல்கள் மோதியபோது இரண்டிலும் ராடர் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. திரையில் தெரிந்ததைப் பிழையாக விளங்கிக்கொண்டதே கேடாயிற்று. ராடர் சிமுலேட்டர்கள் பரவியதற்கு இத்தகைய விபத்துகள் தந்த அச்சமும் காரணம். 1967இல் பிரான்சின் போர் ரெவெல் ஏரியில், ஆள் ஏறிச் செலுத்தும் 1:25 அளவு மாதிரிக் கப்பல்களில் கப்டன்களைப் பழக்கத் தொடங்கினர். 1957இல் பிரித்தானியரிடமிருந்து கைமாறிய திருகோணமலைத் தளத்தில், அதுவரை பிரித்தானியக் கடற்படைக் கல்லூரி உள்ள டார்ட்மவுத் சென்று பயின்ற இலங்கை அதிகாரிகளுக்கான கல்விக்கழகம் தோன்றியதும் அந்த 1967இல்தான்.

விதிகள்

கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ், காவற்பணி குறித்த 1978ஆம் ஆண்டு உடன்படிக்கை (எஸ்.ரி.சி.டபிள்யூ.) 1995இல் திருத்தப்பட்டபோது ராடர், ஆர்ப்பா (ராடர் தடங்களைத் தானாகக் குறிக்கும் கருவி) ஆகியவற்றில் சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானது. கருவியின் தரத்தைச் சொன்னதோடு விதி நிற்கவில்லை. பயிற்றுநர் சிமுலேட்டர் வழிக் கற்பித்தலில் வழிகாட்டல் பெற்றிருக்க வேண்டும். தாம் பயன்படுத்தும் அதே வகைச் சிமுலேட்டரை இயக்கிப் பழகியிருக்கவும் வேண்டும். மதிப்பீட்டாளரோ, அவ்வகைக் கருவியில் அனுபவமிக்க மதிப்பீட்டாளர் ஒருவரின் மேற்பார்வையில் மதிப்பிட்டுப் பழகி, அவருக்குத் திருப்தி தந்திருக்க வேண்டும். நன்றாகக் கற்பிப்பவர் எல்லாரும் நன்றாக மதிப்பிடுவார் என்று விதி நம்பவில்லை, அது சரியே. சிமுலேட்டர் பயிற்றுநருக்கும் மதிப்பீட்டாளருக்குமான சர்வதேச கடல்சார் நிறுவனத்தின் மாதிரிப் பாடநெறி இலக்கம் 6.10, பொதுவான பயிற்றுநர் பாடநெறி 6.09.

பயிற்சி முறை

பயிற்சிக்கு முன் நோக்கத்தை விளக்குதல், திட்டமிட நேரம் கொடுத்தல், கருவியோடு பழகவிடுதல், நடக்கும்போது கண்ணாலும் காதாலும் கவனித்தல், முடிந்தபின் மீளாய்வு என்பது விதி கூறும் ஒழுங்கு. புதுப் பயிற்றுநர் சறுக்குமிடம் மீளாய்வு. பதிவை ஓடவிட்டு, தாமே பேசித் தீர்த்துவிடுவார். பயிலுநர் வாய் திறக்க இடமிராது.

கொட்டியார் குடாவை எடுத்துக்கொண்டால் ஒரு பயிற்சி எவ்வாறு அமையும் என்பது தெளிவாகும். மகாவலி கலக்கும் அக்குடாவின் ஆழ்பள்ளம் பெரிய கப்பலுக்கு ஏற்றது. ஆனால் கிண்ணியா, மூதூர் மீனவரின் கண்ணாடியிழைப் படகுகள் ராடரில் மங்கலாகவே தெரியும். சீனன்குடாவை நோக்கி வரும் சரக்குக் கப்பலுக்கு முன்னால் நான்கு படகுகளைப் பயிற்றுநர் விடலாம். அதனோடு சுக்கான் பழுதையும் சேர்த்தால் பரபரப்பு மிகும், பாடம் குழம்பும். மதிப்பீட்டுக்கான பயிற்சியாயின், எப்போது வேகம் குறைத்தால் தேர்ச்சி, எவ்வளவு நெருங்கினால் தோல்வி என்பவை முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இன்றைய நிலை

கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, விலையுயர்ந்த வெளிநாட்டுக் கருவிகளுக்கு மாற்றாக, கடற்படையின் ஒத்துழைப்போடு ‘விதுசயுர’ என்னும் சிமுலேட்டரை உருவாக்கியது. மாலபேயிலுள்ள சினெக் கல்வி நிறுவனம் 1990 முதல் வணிகக் கடலோடிகளைப் பயிற்றுகிறது. சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்குத் திருகோணமலையில் பிராந்திய நிலையம் உண்டு. எஸ்.ரி.சி.டபிள்யூ. உடன்படிக்கை போர்க்கப்பல்களில் பணிபுரிவோருக்குப் பொருந்தாது. ஆதலால் கடற்படையிலிருந்து வணிகக் கப்பலுக்கு அதிகாரியாகச் செல்பவர் 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றுறைச் சட்டத்தின்கீழ்ச் சான்றிதழ் பெற வேண்டும்.