‘உலகே மாயம்’ – ஒரு சோகப் பாடலின் வழிவழிப் பயணம்

தேவதாஸ் என்னும் பெயருக்குக் கடவுளின் ஊழியன் என்பது பொருள். நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டினால் இப்பெயரைத் தாங்கிய தாத்தாக்களையும் மாமன்மாரையும் காணலாம். ஆயினும் தெருவிலே ஓர் இளைஞனைச் சுட்டி, ‘தேவதாஸ் மாதிரி திரிகிறான்’ என்று எவரேனும் சொன்னால், இறையடியான் என்று நாம் பொருள் கொள்வதில்லை. மழிக்காத தாடியும், தோளில் துவளும் சால்வையும், துணைக்கு ஒரு நாயும், கையில் மதுப்புட்டியுமே நம் கண்முன் வருகின்றன. ஒரு பெயரின் பொருளையே மாற்றிய பெருமை, அல்லது சிறுமை, ஒரு திரைப்படத்தையும் அதிலே ஒலித்த ‘உலகே மாயம்’ என்ற பாடலையும் சாரும். அப்பாடலின் வரலாற்றை நோக்குவது, துயரத்தை நாம் எவ்வாறு கையாளுகிறோம் என்பதை நோக்குவதும் ஆகும்.

கதையின் வேர் வங்கத்தில் உள்ளது. சரத் சந்திர சட்டோபாத்யாயர் எழுதிய ‘தேவதாஸ்’ புதினம் 1917இல் வெளிவந்தது. செல்வர் வீட்டு மகன் தேவதாசும் அண்டை வீட்டுப் பார்வதியும் சிறுவயது முதல் அன்பால் பிணைந்தவர்கள். குலப்பெருமை குறுக்கிடுகிறது. தேவதாசுக்கோ எதிர்த்து நிற்கும் துணிவில்லை. பார்வதி வயதில் மூத்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகிறாள். தேவதாஸ் குடியில் வீழ்ந்து, முடிவில் அவள் வீட்டு வாயிலிலேயே உயிர் விடுகிறான். இக்கதை 1928இல் பேசாப் படமாயிற்று. 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காக பி. சி. பரூவா அதனைப் பேசும் படமாக்கினார். இந்தி வடிவில் நடித்துப் பாடிய கே. எல். சைகலின் குரலே இந்தியாவெங்கும் தேவதாசின் முதற்குரலாயிற்று. தமிழிலும் 1937இல் பி. வி. ராவ் இயக்கத்தில் இக்கதை படமாயிற்று. திரையில் குடித்து அழிந்த நாயகனாகத் தோன்றிய சைகல், வாழ்விலும் குடியால் உடல் நலிந்து, 1947இல் தம் 42ஆம் வயதில் மறைந்தார் என்பது நெஞ்சைத் தைக்கும் செய்தி.

நம் தலைமுறைகள் அறிந்த தேவதாஸ் 1953இல் பிறந்தான். வினோதா பிக்சர்ஸ் சார்பில், வேதாந்தம் ராகவையாவின் இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் படம் உருவாயிற்று. அக்கினேனி நாகேசுவர ராவ் தேவதாசாகவும், சாவித்திரி பார்வதியாகவும், லலிதா சந்திரமுகியாகவும் நடித்தனர். இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் படம் முடியுமுன்னரே, 1952இல், முப்பது வயதளவில் காலமானார். அவரிடம் உதவியாளர்களாக இருந்த எம். எஸ். விசுவநாதனும் டி. கே. இராமமூர்த்தியும் எஞ்சிய இசைப்பணியை முடித்துக் கொடுத்தனர். ‘உலகே மாயம்’ அவர்கள் இசையமைத்ததே என்பது இசை உலகில் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. ஆசானை இழந்த இரு இளைஞர்கள் அந்த இழப்பின் நிழலில் நின்று பணியாற்றினர் என்பதை எண்ணும்போது, பாடலின் சோகம் வெறும் நடிப்பன்று எனத் தோன்றுகிறது.

தெலுங்கில் ‘ஜகமே மாயா’ என்றும் தமிழில் ‘உலகே மாயம்’ என்றும் இரு மொழியிலும் பாடியவர் கண்டசாலா ஒருவரே. ஒரே மெட்டு, ஒரே குரல், இரண்டு மொழிகள். திரையில் தள்ளாடிய நாகேசுவர ராவோ மது அருந்தி நடித்தவரல்லர். இரவில் வயிறு நிறையத் தயிர்ச்சோறு உண்டு, அதனால் செருகிய கண்களோடு அக்காட்சிகளில் நடித்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். நாடு முழுதும் மெய்யென நம்பிய அந்த மயக்கம் தயிர்ச்சோறு தந்த உறக்க மயக்கமே!

அக்காலச் சூழலையும் கருத வேண்டும். 1948 முதல் சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. ஊரில் இல்லாத புட்டி திரையில் இருந்தது. அகில இந்திய வானொலியோ, அமைச்சர் பி. வி. கேஸ்கரின் காலத்தில் திரைப்பாடல்களை ஏறத்தாழ ஒதுக்கி வைத்திருந்தது. 1957இல் விவித பாரதி தொடங்கிய பின்னரே அந்நிலை மாறிற்று. அதுவரை இலங்கை வானொலியும், இசைத்தட்டும், திருமணப் பந்தலின் ஒலிபெருக்கியுமே திரைப்பாடல்களைச் சுமந்து சென்றன. மணவிழாப் பந்தலிலும் மணமுறிவின் பாடல் ஒலித்த விந்தையை மூத்தோர் பலர் கேட்டிருப்பர்.

படம் வெளிவந்தபோது நெய்வேலி நகரியம் பிறந்திருக்கவில்லை. 1956இல் நிறுவனம் தோன்றி, 1957இல் சுரங்கப் பணி தொடங்கிய பின்னர், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரம், கேரளம் முதலிய மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கு வந்தன. வந்தோர் தத்தம் பாடல்களையும் மொழிகளையும் உடன் கொணர்ந்தனர். ஒரே மெட்டை ஒருவர் தெலுங்கிலும் மற்றவர் தமிழிலும் தம் சொந்தப் பாடலாகக் கொண்டாடக்கூடிய ஊர் இது.

இனி மறுவடிவங்களுக்கு வருவோம். 1955இல் பிமல் ராயும், 2002இல் சஞ்சய் லீலா பன்சாலியும் இந்தியில் மீண்டும் இக்கதையைப் படமாக்கினர். தெலுங்கில் 1974இல் விஜய நிர்மலாவின் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த புதிய ‘தேவதாசு’ வந்தபோது, பழைய படமும் மீண்டும் திரையிடப்பட்டது. மக்கள் பழையதையே நாடினர். மெல்லிசை மேடைகளிலும் பலகுரல் நிகழ்ச்சிகளிலும் தேவதாஸ் நகைச்சுவைப் பாத்திரமானான். தாளாத துயரைத் தமாஷாக்கித் தாங்கிக்கொள்வது நம் மக்களின் பழைய உபாயம்.

எனினும் உண்மையான வாரிசு 1982இல் வந்தது. நாகேசுவர ராவ் நடித்த ‘பிரேமாபிஷேகம்’ (1981) என்ற தெலுங்குப் படம், கமல்ஹாசன் நடிக்க, கே. பாலாஜியின் தயாரிப்பில் தமிழாக்கப்பட்டபோது, அதற்கு இட்ட பெயர் ‘வாழ்வே மாயம்’. பழைய பாடலைக் கேட்டு வளர்ந்தோர் செவியில் அப்பெயர் எதிரொலியாகவே விழுந்தது. வாலி எழுத, கங்கை அமரன் இசையமைக்க, அதே பெயர் கொண்ட பாடலைப் பாடியவர் கொச்சிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த கே. ஜே. யேசுதாஸ். மெட்டு வேறு, கதையும் வேறு. இந்நாயகன் காதலியை இழந்து நோயுறவில்லை. புற்றுநோயால் சாவு நெருங்குவதை அறிந்து, அவள் தன்னை வெறுத்து வேறு வாழ்வு பெறட்டும் என்று தீயவனாக நடிக்கிறான். தேவதாஸ் தன்னை அழித்துக்கொண்டான். இவனோ பொய்யின் வழியாகவேனும் பிறர் நலம் தேடினான். முப்பது ஆண்டுகளில் ‘மாயம்’ என்ற சொல் தன்னிரக்கத்திலிருந்து தியாகத்தின் பக்கம் ஓரடி நகர்ந்தது எனலாம்.

ஆனால் அதே முப்பது ஆண்டுகளில் ஊரும் மாறிற்று. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974இல் திரும்பிய அது 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் தோன்றிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 1953இல் திரையில் மட்டும் இருந்த புட்டி இன்று தெருமுனையில் இருக்கிறது. காதலில் தோற்றவன், தேர்வில் தோற்றவன், வேலை கிடைக்காதவன் என எத்தனை இளைஞர் இன்று தேவதாசின் சால்வையைப் போர்த்துக்கொள்கின்றனர்! அவர்தம் அன்னையரின் கண்ணீருக்கு மெட்டமைப்பார் எவருமில்லை.

அப்படியாயின் இப்பாடலை நாம் வெறுத்து ஒதுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. உலகம் நிலையற்றது என்ற உண்மையைச் சபை உரையாளர் இதைவிடக் கடுமையாகவே கூறியுள்ளார். புலம்பலுக்கென்று ஒரு தனி நூலையே திருவிவிலியம் தன்னுள் வைத்துள்ளது. துயரப்படுவது பாவமன்று, பாடி அழுவதும் பாவமன்று. வேறுபாடு ஒன்றே. தேவதாசின் பாடலில் கேட்போர் எவருமிலர். அவன் இருளை நோக்கிப் பாடுகிறான். திருப்பாடல் ஆசிரியரோ, குற்றஞ்சாட்டும்போதும் ‘நீர்’ என்று விளித்தே குற்றஞ்சாட்டுகிறார். கைவிட்டீரே என்று கடவுளிடமே முறையிடுகிறவர் கடவுளை விட்டு அகலவில்லை.

சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவர் புதிய புலம்பல் ஒன்றை இயற்றவில்லை. தம் முன்னோர் பாடிய 22ஆம் திருப்பாடலின் தொடக்கத்தையே தம் வாய்மொழியாக எடுத்தாண்டார். பழைய பாடல் ஒன்று மற்றொருவர் நாவில் மீண்டும் பிறந்தது. கைவிடப்பட்டவரின் கதறலாகத் தொடங்கும் அத்திருப்பாடல், மக்கள் சபை நடுவே எழும் புகழ்ச்சியாக முடிகிறது என்பதை மறவாதிருப்போம்.

நெய்வேலி மக்களுக்கு இதனை விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை. நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் பம்புகளால் இறைத்து அவ்வழுத்தத்தைக் குறைக்காவிடில் சுரங்கத்தின் அடித்தளமே பிளந்து நீர் மேலெழும். இறைத்த நீரோ ஊருக்கும் மின்நிலையத்துக்கும் பயன்படுகிறது. மனிதத் துயரமும் அத்தகையதே. அடைத்து வைத்தால் அது உடைக்கும். வாய்க்கால் அமைத்தால் பயன் தரும். புட்டியோ வாய்க்கால் ஆகாது. அது அழுத்தத்தை மறக்கச் செய்யுமேயன்றி இறைப்பதில்லை.

அழுகிறவனை நகையாடாமல் அமர்ந்து கேட்கும் ஒரு தாய், ஒரு நண்பன், ஒரு பங்குத்தந்தை, ஓர் அன்பியக் குழு: இவர்களே அந்த வாய்க்கால். அவர்கள் நம்மிடையே பெருகினால், தேவதாஸ் என்ற பெயர் தன் பழைய பொருளுக்கு, இறைவனின் ஊழியன் என்ற பொருளுக்கு, மெல்லத் திரும்பும்.