சீதன வீடும் நியாயத்தலமும்

அரசர் போர்செய்த ஆண்டுகள் கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆலயங்கள் எழுந்த காலத்தையும் குளங்கள் வெட்டப்பட்ட காலத்தையும் ஒருவாறு கூறவியலும். ஆனால், கணவன் கைநீட்டிய இரவில் மனைவி எங்குச் சென்றாள், யார் அவளுக்குக் கதவு திறந்தார் என்பதை எழுதிவைத்தார் இலர். குடும்பத்தின் மானம் கருதி மறைக்கப்பட்டதொன்று ஏட்டில் ஏறாமை வியப்பன்று. எனினும் அவள் செல்லக்கூடிய இடங்கள் எவையாய் இருந்தன என்பதை ஒவ்வொரு காலத்துச் சட்டமும் வழக்கமும் காட்டிநிற்கின்றன. அடியின் வரலாற்றை நேரே எழுதவியலாதவிடத்து, அடிபட்டவளுக்கிருந்த புகலின் வரலாற்றையேனும் எழுதலாம். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அப்புகலின் வரலாறு பெரும்பாலும் ஒரு வீட்டின் வரலாறேயாகும்.

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார், தேசாதிபதி சைமன்ஸ் என்பாரின் கட்டளைப்படி இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டில் ஒப்புவித்தார். அத்தொகுப்பே தேசவழமை. அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களிடம் காட்டப்பெற்று அவர்தம் உடன்பாடும் பெற்றது. பன்னிருவரும் ஆடவர். ஒரு பெண்ணிடமேனும் வினவப்பட்டதாக நூலில் யாதொரு குறிப்பும் இல்லை; இதனை நினைவிற் கொண்டே அந்நூலை வாசித்தல் வேண்டும்.

தேசவழமை சொத்துக்களை மூவகையாகப் பகுக்கின்றது. கணவன் தன் பெற்றோர்வழிப் பெறுவது முதுசொம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் மணவாழ்க்கையில் ஈட்டுவது தேடியதேட்டம். ஆதிநாளில் முதுசொம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றதென்றும், பறங்கியர் காலத்தில் இவ்வொழுங்கு கலந்துபோயிற்றென்றும் நூலே கூறுகின்றது. தாயின் நிலம் மகளுக்கும், மகளின் நிலம் அவள் மகளுக்குமாக வழிவழி வந்த ஒரு பழைய முறைமையின் சுவடு இதிற் காணப்படும்.

நன்கொடையைப் பற்றிய பகுதியில் வரும் ஒரு செய்தி ஈண்டுப் பெரிதும் நோக்கத்தக்கது. கணவனும் மனைவியும் பிணங்கிப் பிரிந்து வாழ்வாராயின், பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கஞ் சார்ந்து அவளுடனேயே தங்குதல் வழக்கமென்று அப்பகுதி கூறுகின்றது. அக்காலத்து மனைவியின் சீதனத்தில் எப்பங்கையும் பிறர்க்குக் கொடுக்கக் கணவனுக்கு உரிமையில்லை. அவர்கள் ஒற்றுமையாய் வாழின் சிறிது கொடுக்கலாம். தன் முதுசொத்திற் பத்திலொரு பங்கு வரையில் மனைவி மக்களைக் கேளாமலே அவன் கொடுத்துவிடலாம். மனைவியோ கணவனின் சித்தத்துக்கு அமைந்தவளாதலின், அவன் சம்மதமின்றி யாதொன்றையும் கொடுத்தல் ஆகாது.

ஒரே பகுதியில் இருவேறு முகங்கள் தோன்றுகின்றன. பிணங்கிப் பிரிந்து வாழும் பெண் அந்நூலுக்குப் புதியவள் அல்லள். நாட்டில் நடப்பதென அவளை இயல்பாகவே அது குறிப்பிடுகின்றது. பிரிந்தவளுக்கு நிலமும் உண்டு, பிள்ளைகளும் உண்டு. சேர்ந்து வாழ்பவளுக்கே சித்தம் இல்லை! பிணக்கின் காரணம் யாது, அதில் அடியும் உதையும் இருந்தனவா என்பதைத் திசாவை கேட்டிலர். அவர் தொகுக்க முற்பட்டது சொத்தின் வழக்கமேயன்றி மேனியின் துயரன்று.

இச்சட்டத்துக்கு உயிர்கொடுத்தது யாழ்ப்பாணத்து வதிவுமுறையாகும். இங்கு மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதப்படுதல் பெருவழக்கு. அதனால் வலிகாமத்து ஊர்களில் மணமகன் பெண்ணின் வளவுக்கு வந்து குடியேறினான். ஊர் அவளுடையது, கிணற்றடி அவளுடையது, வேலிக்கப்பால் தமக்கையும் பெரியதாயும், படலைக்கு எதிரே அம்மானும் இருந்தனர். ஏங்கி அழுத குரல் வேலி தாண்டிக் கேட்கும். கணவனின் தாயும் தமையன்மாரும் நிறைந்த வீட்டிற்குத் தனியளாய்ச் செல்லும் வடஇந்திய மணமகளின் நிலையோடு ஒப்பிடின், இது பெரியதொரு காவலென்றே கூறல்வேண்டும்.

ஆயினும் அக்காவலை மிகைப்படுத்தலாகாது. உறவினர் அருகிருந்தமையால் அடி ஒழிந்துவிடவில்லை; அளவு மீறாதிருந்தது என்பதே பொருந்தும். அளவு யாது என்பதை உறவினரே தீர்மானித்தனர். “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று தாயே மகளைத் தேற்றி அனுப்பிய வீடுகள் எத்தனை! இளைய மகளுக்கு வரன் தேடும் குடும்பம், மூத்தவள் வாழாவெட்டியென்று பெயரெடுப்பதை விரும்பாது. சகோதரியின் சீதனத்துக்காகத் தன் உழைப்பைக் கொடுத்த சகோதரனும், அவ்வுழைப்பு வீணாயிற்றென்று சொல்லத் துணியான். சீதன வீடு அவளைக் காத்தது. அவளை அவ்வீட்டிலேயே அடக்கியும் வைத்தது.

இதுகாறும் கூறியன நிலமுடையாரைப் பற்றியனவே. உறுதி எழுத நிலமில்லாத குடும்பங்களின் பெண்கள், பிறர் காணியிற் குடியிருந்து கூலிவேலை செய்தோர், தேசவழமையின் பக்கங்களிற் காணப்படார். பிறர் தயவில் அமைந்த குடிசையில் தாய்வீடென்பதும் உறுதியானதன்று. ஆயினும் நாட்கூலி அவள் கையில் வந்ததனால், கணவனை விட்டு நீங்குதல் மேல்நிலைக் குடும்பத்துப் பெண்ணுக்கு இருந்த அளவு பெரும் பழியாய் அவளுக்கு இருக்கவில்லை.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் தேசவழமையை உறுதிப்படுத்தினர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் இயற்றிய வேறு சட்டங்கள் பெண்ணுக்கு ஒரு புதுவாயிலைத் திறந்தன, அதுவே நியாயத்தலம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி காயம் விளைத்தல் குற்றமாகும். அடித்தவன் கணவனாயின் குற்றமன்றென்று அக்கோவை எங்கும் கூறவில்லை. எழுத்தளவில் மனைவிக்கும் அயலானுக்கும் வேறுபாடில்லை. ஆனால், அடித்தவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு அன்றிரவு அடுப்பேற்றுவது எவ்வாறு என்பதற்கு அதில் விடையில்லை.

அவ்விடையைச் சிறிது கொடுத்தது 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச்சட்டம். மனைவியைத் தாபரிக்க மறுப்பவனிடம் மாதந்தோறும் பணம் பெற்றுக்கொடுக்க நீதிவானுக்கு அது அதிகாரமளித்தது. என்னுடன் வந்து வாழ்ந்தால் தாபரிப்பேன் என்று கணவன் கூறின், அவன் வேறொருத்தியுடன் வாழ்கின்றான் என்றோ, மனைவியை வழக்கமாகக் கொடுமைப்படுத்தி வந்தான் என்றோ காட்டினால் அவள் அவனிடம் போகாமலே பணம் பெறலாம். ‘வழக்கமாக’ என்னுஞ் சொல்லை விட்டுவிடுதல் கூடாது. ஒருநாள் அடி கணக்கிற் சேராது. பலநாள் பட்டிருத்தல் வேண்டும். பட்டதற்குச் சாட்சி சொல்லவேண்டியவர்கள் வேலிக்கப்பால் இருந்த அதே உறவினரே.

இங்கிலாந்தில் பிரான்செஸ் பவர் கொப் என்னும் மாது 1878இல் மனைவியர்படும் வதையைக் குறித்து எழுதிய கட்டுரை பாராளுமன்றத்தை அசைத்தது. கடுந்தாக்குதலுக்காகத் தண்டிக்கப்பட்ட கணவனிடமிருந்து மனைவி பிரிந்து வாழக் கட்டளையிடும் அதிகாரம் அவ்வாண்டிலேயே அந்நாட்டு நீதிவான்களுக்குக் கிடைத்தது. இலங்கையில் மணநீக்கச் சட்டம் வேறு வழியிற் சென்றது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் மணநீக்கத்துக்கு மூன்று காரணங்களையே ஏற்றது: பிறன்மனை நயத்தல், தீயெண்ணத்தோடு கைவிட்டுச் செல்லல், மணஞ்செய்த காலத்திலிருந்த தீராத ஆண்மையின்மை. கொடுமை அவற்றுள் ஒன்றன்று. அடிபொறாது வெளியேறிய மனைவி, தன்னை வெளியேறச் செய்தமையால் உண்மையிற் கைவிட்டவன் அவனே என்று சுற்றிவளைத்து வாதிக்க வேண்டியவளாயினாள். அவள் மேனியிற் பட்ட காயத்தைக் காயமென்று சொல்ல அச்சட்டத்தில் ஒரு சொல் இல்லை.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் பழைய வழக்கத்தைப் புதிய மொழியில் எழுதிற்று. மனைவியின் சொத்து அவளது தனிச்சொத்து. கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது. ஆனால், தன் காணியை அவள் விற்கவோ ஈடுவைக்கவோ வேண்டின் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இலங்கையின் ஏனைய பல பெண்களுக்கு 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் சொத்துக் கட்டளைச்சட்டம் இத்தடையை நீக்கியது. தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் அதனின்றும் விலக்கப்பட்டனர். அவன் விற்க நினைப்பின் அவளுடைய கையெழுத்து வேண்டும். அவள் விற்க நினைப்பின் அவனுடைய கையெழுத்து வேண்டும். கையெழுத்து வாங்குவதற்காகக் கைநீட்டுவோன் யாரென்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இக்காலத்திலேயே வீட்டின் தன்மையும் மாறத் தொடங்கியது. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையும் புகைவண்டி ஓடிற்று. 1905இல் பாதை கொழும்புடன் இணைந்தது. சுன்னாகம் புகையிரத நிலையத்தில் ஏறிய புதுமணப்பெண் மறுநாள் கொழும்பிலோ, கப்பலேறிச் சின்னாட்களிற் கோலாலம்பூரிலோ ஓர் அரசாங்க விடுதியில் இருந்தாள். எழுதுவினைஞர் உத்தியோகத்துக்குச் சீதனம் பணமாகவும் நகையாகவும் பெருகிற்று. மணமகன் வீட்டாருக்கென்று தனியே ஒரு தொகை கொடுக்கும் வழக்கமும் பரவிற்று. நிலம் ஊரில் கிடந்தது. அவளோ ஊரில் இல்லை. விடுதியின் சுவர் வேலியைப்போலக் குரலை வெளியே விடாது. ஆங்கிலங் கற்ற மாப்பிள்ளையைப் பெற்றதைப் பெருமையாகக் கருதிய அக்காலம், அவளுடைய அம்மானின் வீட்டிலிருந்து அவளைப் பலநூறு கல் தூரம் அகற்றியதை எண்ணிற்றில்லை. பிற்காலத்தில் இலண்டனுக்கும் தொரன்ரோவுக்கும் சென்ற மணப்பெண்கள் இதே தனிமையை இன்னும் பெரிய அளவிற் கண்டனர். குடிவரவு உரிமை கணவன்வழி வந்தபோது அது இரட்டித்தது.

இத்தனிமைக்கு மாறாக நின்ற ஒரு மாற்றம் கல்வி. உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் 1824இல் தொடங்கிய பெண்பாடசாலையும், மருதனார்மடத்தில் சேர். பொன். இராமநாதன் 1913இல் நிறுவிய சைவப் பெண்கள் கல்லூரியும் நல்ல மனைவியரை உருவாக்கவே எண்ணின. கணவனை எதிர்க்கக் கற்பிக்கவில்லை. ஆயினும் அவற்றிலிருந்து ஆசிரியைகள் தோன்றினர். மாதச் சம்பளம் பெறும் பெண், எவர் சம்மதமுமின்றித் தன் பிள்ளைகளுக்கு உணவளிக்க வல்லவள். நிறுவினோர் எண்ணாத இப்பயனே பெரும்பயனாயிற்று எனலாம்.

வாய்திறந்து பேசும் காலம் மிகப் பிந்தியே வந்தது. யாழ்ப்பாணத்திற் பெண்கள் ஆய்வு வட்டத்தினர் 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ என்னுங் கவிதைத் தொகுதியை வெளியிட்டனர், பெயரே பொருளுரைக்கும். 1980களின் இறுதியில், துயருற்ற பெண்கள் வந்து தங்குதற்குப் பூரணி என்னும் இல்லம் அமைந்தது. அம்முயற்சியில் ஈடுபட்டோருள் ஒருவரான பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். தாய்வீடுமன்றி நியாயத்தலமுமன்றி மூன்றாவதொரு புகலிடம் இந்நாட்டிற் சிறிதுகாலம் இருந்தது. போர் அதனை நீடிக்க விடவில்லை.

1990இன் பின் குடாநாட்டில் அரசாங்கப் பொலிசார் இலர்; விடுதலைப் புலிகள் 1991இல் தம் காவற்றுறையையும் 1993இல் தம் நீதிமன்றங்களையும் ஏற்படுத்தினர். அடிபட்டவள் தட்டவேண்டிய கதவு சில ஆண்டுகளுக்கொருமுறை மாறியது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சீதன உறுதிகள் பொதிகளுக்குள் சென்றன. வீடுகள் பின்னே நின்றன. ஓர் அறையில் மூன்று குடும்பங்கள் ஒதுங்கிய நாட்களில், திரும்பிச் செல்லத் தாய்வீடு ஏது? வலிகாமம் வடக்கிற் பல வளவுகள் 1990 முதல் இராணுவத்தின் கையிலிருந்தன. அங்குள்ள பெண்களுக்கு உறுதி இருந்தது, நிலம் இல்லை. முந்நூறு ஆண்டுகளாகப் பெண்ணுக்கிருந்த ஒரே பெரும் புகல் இவ்வாறு தகர்ந்தது. போரினால் விளைந்த கேடுகளை எண்ணுவோர் இதனைத் தனியே எண்ணுவதில்லை.

பாராளுமன்றம் 2005இல் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. குடும்பங்களை இது பிரித்துவிடுமென்று சிலர் எதிர்த்தனர். பிணங்கிப் பிரிந்த குடும்பங்களை 1707இலேயே ஒரு சட்டநூல் இயல்பாகக் கூறியதை அவர்கள் அறியார் போலும். இச்சட்டம் புதிய குற்றமொன்றைப் படைக்கவில்லை. நீதிவான் பாதுகாப்புக் கட்டளை வழங்க வழிசெய்தது. முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள் வரையில் நீடிக்கும் கட்டளையும் பெறலாம். அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். உள்ளத்துக்கு இழைக்கும் கொடுமையும் வன்முறையாகும். அடித்தவனை, இருவரும் வாழும் வீட்டினுள்ளும் நுழையாது தடுக்க நீதிவானுக்கு அதிகாரமுண்டு. கணவனின் வன்புணர்ச்சி மட்டும் 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத் திருத்தத்தில் நின்றவிடத்தே நின்றது. நீதிமன்றத்தாற் பிரிக்கப்பட்ட மனைவிக்கன்றி ஏனையோர்க்கு அது குற்றமெனக் கொள்ளப்படவில்லை.

2019இல் குடிசன மதிப்பீடு, புள்ளிவிபரத் திணைக்களம் நாடெங்கும் நடாத்திய பெண்கள் நலவாழ்வு ஆய்வின்படி, துணைவனுடன் வாழ்ந்த பெண்களில் நூற்றுக்கு 20.4 பேர் தம் வாழ்நாளில் அவனால் உடல்வன்முறையோ பாலியல் வன்முறையோ கண்டவர்கள். ஐந்து பேருக்கு ஒருவர். முன்னைய நூற்றாண்டுகளுக்கு இத்தகைய கணக்கு இல்லாமையால், அடி பெருகிற்றா குறைந்ததா என்று எவரும் கூறவியலாது. பேசாதிருந்தது பேசப்படுவதையே பெருகியதாகச் சிலர் மயங்குகின்றனர்.

சுன்னாகம் பொலிஸ் நிலையத்திலிருந்து மல்லாகம் நீதிமன்றம் இரண்டு கல் தூரத்துக்கு மேற்படாது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அங்கே கட்டளை பெறும் பெண்ணொருத்தி, தன் சீதன வீட்டினுள் தன்னை அடித்தவன் காலெடுத்து வைக்காதபடி ஓராண்டு தடுக்கலாம். அவ்வோராண்டில் பிள்ளைகளின் செலவுக்கு வளவின் ஒரு மூலையை ஈடுவைக்க அவள் எண்ணினால், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவு குறுக்கே நின்றது. 2005இல் அதனை எவரும் நீக்கவில்லை. படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டவனிடம் கையெழுத்துக் கேட்கவேண்டியிருந்தது. அல்லது அவன் சம்மதத்துக்குப் பதிலாகத் தன் சம்மதத்தை வழங்குமாறு கேட்டு 8ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தில் மற்றொரு விண்ணப்பம் எழுதவேண்டியிருந்தது.