சத்துமாவும் சான்றும்

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நம் இல்லங்களில், பாட்டியார் வறுத்து அரைத்த சத்துமாவின் இடத்தை இன்று டப்பாவில் வரும் புரதப்பொடி பிடித்துக்கொண்டது. பாட்டியார் போட்ட தானியங்களை நாம் கண்ணால் கண்டோம். டப்பாவின் உள்ளே இருப்பதை யார் கண்டு சொல்வார்? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றில் மைசூரு நகருக்குத் தனி இடம் உண்டு.

1950ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், அரச குடும்பத்து இளவரசிக்காக எழுப்பிய செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். எண்ணெய் எடுத்தபின் மாட்டுக்கும் வயலுக்கும் போய்க்கொண்டிருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் புரதம் மிகுந்திருப்பதை அறிஞர்கள் அறிந்திருந்தனர். தூய முறையில் எடுத்த கடலை மாவு முக்கால் பங்கு, கொண்டைக்கடலை மாவு கால் பங்கு சேர்த்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் கூட்டிப் 'பல்நோக்கு உணவு' ஒன்றை அங்கே உருவாக்கினர். ஏழைக் குழந்தைகளின் பசியையும் நலிவையும் போக்குவதே நோக்கம்.

ஆனால் 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனத்தில் பூஞ்சை விளைவித்த நஞ்சே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அஃப்ளடாக்சின் எனப் பெயர் பெற்ற அந்நஞ்சை நாவால் அறிய இயலாது. பிரித்தெடுத்துப் புற ஊதாக் கதிரில் காட்டினால் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும். கடலை மாவு உணவுகளில் அது கிலோவுக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் புரத ஆலோசனைக் குழு வரம்பு கட்டியது. மைசூரு ஆய்வாளரும் அதனைக் கண்டறியவும் நீக்கவும் வழி தேடினர். நல்லெண்ணத்தோடு செய்த உணவுக்கும் சோதனை வேண்டும் என்பதே நாம் பெற்ற பாடம்.

சோதனையையும் ஏய்ப்பவர் உண்டு. டென்மார்க் அறிஞர் கெல்டால் 1883இல் வகுத்த முறை, உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு எனக் கணக்கிடுவது. நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்னும் இரசாயனத்தைக் கலந்தால் இக்கணக்கு பொய்யாகிவிடும். 2008இல் சீனாவில் பால்மாவில் அவ்வாறு கலந்ததால் ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆகவே, எவ்வளவு புரதம் என்பதோடு எத்தகைய புரதம் என்பதையும் பார்க்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1954இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அமைந்தது. சத்துப்பொடிகளுக்கும் மாத்திரைகளுக்கும் 2016இல் தனி விதிகள் பிறந்தன. அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பங்காக்கப்படும். ஆய்வு முடிவுகள் முரண்பட்டால், மேல் ஆய்வகம் சொல்வதே முடிந்த முடிபு. அத்தகைய மேல் ஆய்வகங்களுள் மைசூரு நிலையமும் ஒன்று.

டப்பாவிலுள்ள உரிம எண், செய்தவர் இன்னார் என்று காட்டுமேயன்றி, அந்த டப்பாவைச் சோதித்ததற்குச் சான்றாகாது. வாங்குவோரும் கடைக்காரருக்கு அறிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி உணவு ஆய்வாளரிடம் சோதிக்கச் சட்டம் இடமளிக்கிறது; குறை கண்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் இவ்வுரிமை நமக்கு உண்டு. பாட்டியாரின் கண் பார்த்த வேலையை இனி நாம் கேட்டுப் பெறுவோமாக!