பேர்ல் தெரு: வண்டிகளை வெளியே நிறுத்திய கடைவீதி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடர் சமவெளியைத் தொடும் இடத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது போல்டர் என்னும் பல்கலைக்கழக நகரம். அதன் பழைய கடைவீதி பேர்ல் தெரு. 11ஆம் தெருவில் தொடங்கி 15ஆம் தெரு வரை, நான்கு குறுக்குத்தெரு நீளத்துக்கு, 1977 முதல் அந்த வீதியில் கார்கள் ஓடுவதில்லை. செங்கல் பாவிய தரை, மர நிழல், நீண்ட பெஞ்சுகள், இருபுறமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. இதே காலத்தில் இதே முறையில் அமைக்கப்பட்ட அமெரிக்கக் கடைவீதிகளில் பெரும்பாலானவை தோற்றுப்போய், கார்களுக்கே திரும்பத் திறந்துவிடப்பட்டன. பேர்ல் தெரு தப்பியது. அதற்கான காரணங்களில் பலவும் தெருவுக்கு வெளியே இருக்கின்றன.

1858 அக்டோபரில் தங்கம் தேடி வந்த ஒரு கூட்டம் போல்டர் ஓடை மலையிலிருந்து இறங்கும் இடத்தில் கூடாரமடித்தது. 1851ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அந்த நிலம் அரபாஹோ, செயென் மக்களுடையது. அரபாஹோ தலைவர் நிவோட் வந்தவர்களைத் திரும்பிப் போகச் சொன்னார், அவர்கள் போகவில்லை. 1859 பிப்ரவரியில் அவர்கள் ஒரு நகர நிறுவனத்தைத் தொடங்கி, நிலத்தை மனைகளாக அளந்து, மனை ஒன்றுக்கு 1,000 டாலர் விலை வைத்தார்கள். அப்படிப் பிறந்த ஊரின் முதன்மைத் தெருதான் பேர்ல். மனை விற்ற கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிரீக் என்ற இடத்தில் செயென், அரபாஹோ குடியிருப்பு ஒன்றைக் கொலராடோ படை தாக்கிப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்றது. போல்டர் வட்டாரத்தில் திரட்டப்பட்ட தொண்டர்களும் அந்தப் படையில் இருந்தனர். அங்கே பட்ட காயத்தால் நிவோட் இறந்தார்.

தங்கம் கிடைத்தது மேலே மலையில், கோல்ட் ஹில் பகுதியில். பிறகு காரிபூவில் வெள்ளியும், 1900க்குப் பின் நெதர்லாந்து என்ற சிற்றூரை ஒட்டி டங்ஸ்டனும் வெட்டப்பட்டன. கீழே இருந்த போல்டருக்குக் கிடைத்தது வியாபாரம். சுரங்கத் தொழிலாளிக்கு வேண்டிய மாவு, ஆணி, மண்வெட்டி, கம்பளி எல்லாம் இங்கிருந்துதான் மலையேறின. 1873இல் ரயில் வந்ததும் சரக்கு பெருகியது. மரக் கடைகள் இருந்த இடத்தில் செங்கல்லும் கல்லும் எழுந்தன. 13, 14ஆம் தெருக்களுக்கு நடுவே 1880களின் தொடக்கத்தில் மாவட்ட நீதிமன்றம் கட்டப்பட்டது. 1932இல் அது எரிந்துபோக, அதே இடத்தில் ஆர்ட் டெகோ பாணியில் இன்றைய கட்டடம் வந்தது. அங்கே மாவட்டப் பதிவு அதிகாரியாக இருந்த கிளெலா ரோரெக்ஸ் 1975இல் ஒரே பாலின ஜோடிகள் ஆறுக்குத் திருமண உரிமம் வழங்கினார். மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் சில வாரங்களிலேயே அதைத் தடுத்துவிட்டாலும், நீதிமன்றக் கட்டடத்துக்குத் தேசிய வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது.

கொலராடோ பல்கலைக்கழகம் 1877இல் 44 மாணவர்களோடு திறக்கப்பட்டது. ஓடைக்குத் தெற்கே, மரமற்ற மேட்டில் அதற்கான நிலத்தை ஊர்க்காரர்களே தானமாகத் தந்திருந்தார்கள். சுரங்கங்கள் ஓய்ந்த பிறகு ஊரைத் தாங்கியது இந்த மேட்டு நிலம்தான். ஆனால் மாணவர் கூட்டம் இருந்தும் பேர்ல் தெரு நெடுங்காலம் அடக்க ஒடுக்கமான தெருவாகவே இருந்தது. 1907இல் போல்டர் மதுவிலக்கை ஏற்றது. நாடு முழுவதும் இருந்த மதுவிலக்கு 1933இல் நீங்கிய பின்னும் இங்கே அது 1967 வரை நீடித்தது. அறுபது ஆண்டுகள் ஒயினும் விஸ்கியும் பரிமாறாத ஊரில் பெரிய உணவகம் நடத்துவது லாபமான காரியம் அல்ல. பிற்காலத்தில் இந்தத் தெருவைச் சாப்பாட்டுக்கடைகள் பிடித்துக்கொண்டதற்கு இந்தத் தடை விலகியதும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர் வேகமாக வீங்கியது. 1952இல் டென்வருக்கு விரைவுச்சாலை திறந்தது. 1954இல் தேசியத் தர நிர்ணய அமைப்பின் ஆய்வகமும் 1960இல் வளிமண்டல ஆராய்ச்சி மையமும் வந்தன. 1950இல் 20,000 பேர் இருந்த போல்டரில் 1970இல் கிட்டத்தட்ட 67,000 பேர். புதியவர்கள் காரில் வந்தவர்கள், காரிலேயே கடைக்குப் போகிறவர்கள். 1963இல் ஊரின் கிழக்கே, பரந்த வாகன நிறுத்தத்தோடு கிராஸ்ரோட்ஸ் வணிக வளாகம் திறக்கப்பட்டதும் பேர்ல் தெருவின் வாடிக்கை அங்கே நகர்ந்தது. பழைய கட்டடங்களின் முகப்புகளைத் தகடுகளால் மூடிப் புதுமை காட்ட முயன்ற கடைக்காரர்களுக்கும் அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

காரைக் கடைவீதிக்கு வெளியே நிறுத்திவிட்டு மனிதரை நடக்கவிடும் யோசனை அப்போது அமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்தது. விக்டர் குரூன் என்ற கட்டடக் கலைஞரின் திட்டத்தை ஒட்டி 1959இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமாசூ நகரம் முதலில் செய்துகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 200 ஊர்கள் பின்தொடர்ந்தன. பொதுத் தெருவை இப்படி மூட வழிசெய்யும் சட்டத்தைக் கொலராடோ 1970இல் இயற்றியது. கட்டடக் கலைஞர் கார்ல் வொர்திங்டனின் முன்னெடுப்பில் திட்டம் உருவாகி, 1976 ஜூனில் வேலை தொடங்கியது. 1977 ஆகஸ்ட் 6 அன்று புதிய வீதி திறக்கப்பட்டது.

செங்கல் பாவியதால் மட்டும் ஒரு கடைவீதி பிழைத்துவிடாது. கலமாசூவிலும், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவிலும் தரை அழகாகத்தான் இருந்தது. ஃபிரெஸ்னோவின் வீதியில் 2017இல் கார்கள் மறுபடி ஓடத் தொடங்கின. போல்டரில் மூன்று ஏற்பாடுகள் முன்கூட்டியே அமைந்திருந்தன. முதலாவது, வாகன நிறுத்தம். 1970இல் நகர மையத்துச் சொத்துக்காரர்கள் தங்கள்மேல் தாங்களே வரி விதித்துக்கொள்ள ஒரு சிறப்பு மாவட்டம் உருவானது; அந்தப் பணத்தில் பக்கத்துத் தெருக்களில் அடுக்கு நிறுத்தங்கள் எழுந்தன. காரில் வருபவரை விரட்டவில்லை, ஒரு தெரு தள்ளி இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். இரண்டாவது, ஊர் பரவுவதற்குப் போட்ட கடிவாளம். 5,750 அடிக்கு மேல் நகராட்சிக் குடிநீர் கிடையாது என்று 1959இலேயே வாக்காளர்கள் முடிவெடுத்து மலைச்சரிவைக் காத்தனர். 1967இல் திறந்தவெளி நிலம் வாங்கவென்றே தங்கள்மேல் விற்பனை வரி விதித்துக்கொண்டனர். அந்த நிலம் ஊரைச் சுற்றிப் பச்சை வேலியானது. 1971இல் கட்டட உயரத்துக்கு 55 அடி எல்லை வந்தது. ஊர் வெளியே ஓட இடமில்லாதபோது நடு ஊர் காலியாவதும் கடினம். மூன்றாவது, பழைய கட்டடங்கள். 1974இல் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், தகடுகளுக்குப் பின்னே மறைந்திருந்த செங்கல் முகப்புகள் மெல்ல வெளிச்சம் கண்டன.

இவற்றோடு பல்கலைக்கழகம். காரில்லாத, நடக்கத் தயங்காத, மாலையில் வேலையற்ற ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நடைதூரத்தில் இருப்பது எந்தக் கடைவீதிக்கும் வரம். வெர்மாண்டின் பர்லிங்டன், வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் என்று பிழைத்த வேறு சில நடைவீதிகளும் கல்லூரி ஊர்களில் இருப்பது தற்செயல் அல்ல.

திபெத்திய ஆசான் சோக்யம் துருங்பா 1974இல் தொடங்கிய நரோபா கல்விக்கழகம் ஆரம்ப ஆண்டுகளில் பேர்ல் தெருவிலேயே இயங்கியது. கவிஞர்கள் ஆலன் கின்ஸ்பெர்க்கும் ஆன் வால்ட்மனும் அங்கே கவிதைப் பள்ளி ஒன்றை நிறுவினார்கள். மூலிகைத் தேநீரும் தியானமும் மலையேற்றக் கயிறும் ஒரே தெருவில் விற்கப்படும் ஊர் என்ற பெயர் போல்டருக்கு அப்போது ஒட்டியது; கேலியாகவும்தான். கோடை மாலைகளில் தீப்பந்தம் வீசுபவர், சின்னஞ்சிறு கண்ணாடிப் பெட்டிக்குள் உடலை மடக்குபவர், அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சொன்னால் ஊரைச் சொல்பவர் என்று வித்தைக்காரர்களைச் சுற்றிக் கூட்டம் வட்டம் கட்டும். கூட்டம் மிதமிஞ்சியதும் உண்டு. 1980களில் ஹாலோவீன் இரவில் மாறுவேடம் பூண்டு வீதியை நிறைத்தவர்கள் பல்லாயிரம். கண்ணாடி உடைப்பும் கைகலப்பும் மிகவே, 1990களின் தொடக்கத்தில் நகராட்சி அந்தக் கொண்டாட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. இன்று இவ்வீதியில் சைக்கிளை உருட்டித்தான் போகலாம். நாய்க்கும் சிகரெட்டுக்கும் இடமில்லை. சுதந்திரத்துக்குப் பேர்போன ஊரில் விதிகள் இத்தனை.

வெற்றிக்கு விலையும் இருந்தது. வாடகை ஏற ஏற, ஆணியும் திருகும் விற்ற கடைகளும் மருந்துக்கடைகளும் விலகி, உணவகங்களும் மலையேற்ற உடைக்கடைகளும் நாடு முழுதும் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களும் வந்தன. 1973இல் தொடங்கிய போல்டர் புத்தகக் கடை போன்ற உள்ளூர்க் கடைகள் சில மட்டும் தாக்குப்பிடித்தன. ஊருக்குக் கடிவாளம் போட்ட அதே சட்டங்கள் வீட்டு விலையையும் உயர்த்தியதால், வீதியில் பரிமாறுபவர்களில் பலர் பக்கத்து ஊர்களிலிருந்து வந்துபோகிறார்கள். வாடிக்கையைப் பறித்த கிராஸ்ரோட்ஸ் வளாகமோ 2004இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. பேர்ல் தெருவின் கிழக்குக் கோடியில், 30ஆம் தெரு அருகே, 2017இல் கூகுள் நிறுவனத்தின் வளாகம் திறந்தது. 2020இல் கொரோனா பரவியபோது, உணவகங்கள் வெளியே மேசை போட வசதியாக 11ஆம் தெருவுக்கு மேற்கே உள்ள பகுதியும் கார்களுக்கு மூடப்பட்டது. அதை நிரந்தரமாக்க வேண்டும் என்றொரு கோரிக்கை எழுந்தது; ஆனாலும் 2022 இலையுதிர்காலத்தில் அங்கே போக்குவரத்து மீண்டது. நடைவீதி 1977இல் வகுத்த நான்கு குறுக்குத்தெரு நீளத்தோடு தொடர்கிறது.