மொரிஸ் மைனர் நம்ம முற்றத்துக்கு வந்தது, குழி வரவில்லை

 

பதுளைப் பக்கம் பழைய கார்களைத் தூசு தட்டி எடுக்கும் தம்பிமார் இப்போது அதிகம். காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாய்க்குக் கீழ் கிடந்த மொரிஸ் மைனருக்கும் ஒஸ்டினுக்கும் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது. கராஜ் செலவு தாங்காது என்று பலர் யூடியூபைப் பார்த்து முற்றத்திலேயே அடித்தகடு வேலையைத் தொடங்குகிறார்கள். பழைய பொருளைக் காப்பாற்றுவது நல்ல விஷயம். ஆனால் சில முற்றங்களில் ஒரு ஜெக்கும் இரண்டு சீமெந்து புளொக் கல்லும் மட்டும்தான் காரைத் தாங்கி நிற்கின்றன. அதற்குக் கீழே ஒரு தாயின் பிள்ளை படுத்திருக்கிறான்.

இது எப்படி வந்தது என்று யோசித்தால், நம்முடைய தோட்டங்களின் சரித்திரத்துக்குள் போக வேண்டியிருக்கிறது.

1924இல் ரயில் பதுளைக்கு வந்தது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து பசறை, ஸ்பிரிங்வெளி, நமுனுகுலை என்று மேலே போக ரோட்டுதான் வழி. துரைமாருக்குக் கார் அவசியமானது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, 1948இல், மொரிஸ் மைனர் இங்கிலாந்தில் வெளியானது. வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரத்தில் பிறந்தவர். 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் அதுதான்.

1960களின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணி கரைந்தது. கார் இறக்குமதியை அரசாங்கம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த கார்தான் கார். இங்கிலீஷ் எழுத்து நம்பர் வண்டியும் ஸ்ரீ நம்பர் வண்டியும் கை மாறிக் கை மாறி ஓடின.

இதற்கிடையில் காணிச் சீர்திருத்தம் வந்தது. 1972இல் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. மிச்சமிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் கப்பலேறினார்கள். பங்களாவில் நின்ற கார்கள் கிளாக்கருக்கும், டவுன் முதலாளிக்கும், ஆசிரியருக்கும் வந்து சேர்ந்தன.

இங்கேதான் நான் சொல்ல வருகிற விஷயம் இருக்கிறது. கார் வந்தது. அதைப் பராமரித்த ஏற்பாடு கூட வரவில்லை. லொறியும் டிரக்டரும் வைத்திருந்த தோட்டத்துக்கு வேலைத்தளம் இருக்கும். ஆள் இறங்கி நின்று வேலை செய்யக் குழி இருக்கும். வண்டி நான்கு சில்லிலும் நிலத்தில் நிற்கும், மனிதன் குழிக்குள் நிற்பான். முற்றத்துக்கு வந்த காருக்கோ டிக்கியில் இருந்த ஒரேயொரு ஜெக்தான் துணை. அந்த ஜெக் ரோட்டில் டயர் மாற்றச் செய்த சாமான். கீழே ஆள் படுப்பதற்காகச் செய்ததல்ல.

ஜெக்கின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். திருகாணியைச் சுற்றிப் பாரம் தூக்கும் யோசனை மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வில்லார்ட் என்பவர் வரைந்த ஏட்டிலேயே அப்படியொரு படம் இருக்கிறது. திருகு ஜெக் தானாகச் சுலபத்தில் இறங்காது. ஆனால் அடி சிறியது, வண்டி சற்று நகர்ந்தாலே சாய்ந்துவிடும். எண்ணெய் ஜெக் வேறு வகை. 1795இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் உரிமம் எடுத்த நீரழுத்த இயந்திரம்தான் அதன் மூதாதை. சிறிய பிஸ்டனில் கொடுக்கும் அழுத்தம், பத்து மடங்கு பரப்புள்ள பெரிய பிஸ்டனில் பத்து மடங்கு விசையாகிறது. ஒரு கையால் காரைத் தூக்குவது அப்படித்தான். ஆனால் தூக்கிய பாரம் முழுக்க ஒரு சிறிய ரப்பர் சீலை நம்பி நிற்கிறது. சீல் போனால் எண்ணெய் வழியும், கார் இறங்கும். அது அறிவித்துவிட்டு இறங்குவதில்லை. ஆகவே போத்தல் ஜெக்கோ ட்ரொலி ஜெக்கோ, தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட் வேண்டும்.

மொரிஸ் மைனரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்குத் தனி செஸி கிடையாது. உடம்பும் அடித்தகடும் சேர்ந்துதான் பாரம் சுமக்கின்றன. காரோடு வந்த ஜெக்கைப் பொருத்தும் இடம் பக்கவாட்டில், நடுக் குறுக்குச் சட்டத்தின் முனையில். மலைநாட்டு மழையில் சேறு ஒட்டி முதலில் உக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பின் ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் இடமும் அப்படியே. நீங்கள் பழுதுபார்க்கப் போகும் உக்கிய இரும்பிலேயே ஜெக்கை வைத்தால், அது தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகும், கார் கீழே வரும். ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பார்த்து, கெட்டியான இடம் என்று தெரிந்த பிறகே ஜெக்கை வையுங்கள்.

அடுத்தது ஹேண்ட்பிரேக். மைனரில் அது பின் சில்லுகளை மட்டும்தான் பிடிக்கும். கியரில் போட்டாலும் பின் சில்லுதான் பிடிபடும். பின்பக்கத்தைத் தூக்கிய நிமிடமே இரண்டும் பயனற்றுப் போகின்றன. நம்ம ஊரில் சமதரை முற்றம் எத்தனை இருக்கிறது? முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்காமல் தூக்கவே கூடாது. சரிவில் தூக்கவே வேண்டாம்.

புளொக் கல்லை அடியோடு மறந்துவிடுங்கள். சுவரில் பாரம் பரவி நிற்கும் கல் அது. காரின் பாரம் ஒரு முனையில் குவிந்தால் நொறுங்கிவிடும். மைனரின் எடை முக்கால் தொன்னுக்கு மேல். ஸ்டாண்ட் இல்லாவிட்டால், பழைய ரயில் சிலிப்பர் கட்டை மாதிரி கனமான, வெடிப்பில்லாத மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அகலமாய் அடுக்கலாம். ஈரமான மண்ணில் ஸ்டாண்டின் கால் புதையும். அடியில் தடித்த பலகை போடுங்கள். பொதுவான வேலைக்குப் பின் அச்சின் கீழ் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைக்கலாம். ஸ்பிரிங் பட்டையையே கழற்றுவதானால், உடம்பின் கெட்டியான சட்டத்தில்தான் நிறுத்த வேண்டும்.

நிறுத்திய பிறகு, கீழே போகுமுன் வெளியில் நின்று காரை நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கித் திரும்ப வையுங்கள். கழற்றிய சில்லைப் பக்கத்தில் அடித்தகட்டின் கீழ் படுக்க வையுங்கள். எல்லாம் தவறினாலும் அது கொஞ்சம் இடம் விடும். வெல்டிங் என்றால் பெற்றோல் தாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்தி, பெற்றரி வயரையும் எடுத்துவிடுங்கள். வீட்டில் யாருமில்லாத நேரம் காருக்குக் கீழே போகாதீர்கள்.

நம்மால் முடியாத வேலை என்று இதை யாரும் நினைக்க வேண்டாம். 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்தோடு சேர்ந்து, மைனரின் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்து அந்த நாட்டுக்கே அனுப்பினார்கள். இறக்குமதி இல்லாத காலத்தில் நம்ம டிங்கர் பாஸ்மார் கற்றுக்கொண்ட கை அது. அந்தக் கைக்குக் கீழே நல்ல ஸ்டாண்டும் வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு சோடி ஸ்டாண்ட் ஒரு வீட்டுக்குப் பாரமாக இருக்கலாம். தெருவில் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் பாரமில்லை.

பழைய கார் வைத்திருக்கிற மகனோ மருமகனோ வீட்டில் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். ஹாலி-எல, தெமோதரை, பசறைப் பக்கத் தோட்டங்களில் அந்தக் காலத்துக் குழிகள் இன்னும் மூடாமல் இருந்தால் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.