ஊதாத் தக்காளியும் பழைய பெயரும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழியில் நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடைந்தால், கேரளத்தின் தென்கோடிக்கு வந்துவிட்டோம் என்று கொள்ளலாம். அப்பால் இஞ்சிவிளை, அதனை அடுத்துத் தமிழ்நாட்டின் களியக்காவிளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு உறவினரை இரு மாநிலத்தவர் ஆக்கிற்று. ஆயினும் அடுக்களைச் சொற்கள் பலவற்றை அதனால் பிரிக்க இயலவில்லை. தக்காளி என்பது அவற்றுள் ஒன்று. மலையாளத்திலும் அது தக்காளியே.

இச்சொல் இன்று நாம் ரசத்தில் பிழியும் சிவந்த பழத்துக்கு உரியதாகிவிட்டது. முன்னாளில் அவ்வாறு இல்லை. வேலியோரத்திலும் கிணற்றடியிலும் தானே முளைக்கும் மணத்தக்காளியும், தாள் உறைபோன்ற மேலுறைக்குள் பழம் வைக்கும் சிறுதக்காளியுமே நம் முன்னோர் அறிந்த தக்காளிகள். சிறுதக்காளியின் உறையை நெற்றியில் அடித்து ஓசை எழுப்புவது சிறுவர் விளையாட்டு. அவ்வோசை கருதியே தமிழர் அதனைச் சொடக்குத் தக்காளி என்றனர். மலையாளத்தார் ஞொட்டாஞொடியன் என்றனர். பெயர் வேறாயினும் காது ஒன்றே.

கடல் கடந்து வந்த பழத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதி. மெக்சிக்கோ மக்கள் அதனைப் பயிர் செய்து, தொமாத்தல் என வழங்கினர். 1544இல் இத்தாலிய அறிஞர் மத்தியோலி தம் நூலில் அதனைக் குறித்தார். போர்த்துக்கீசியர் வழியே அது நம் நாட்டுக்கு வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. வந்த பின்னரும் நெடுங்காலம் அது அயலாகவே இருந்தது. 1889 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் பொருளாதாரப் பொருள் அகராதி, இந்தியர் அதனை விரும்பத் தொடங்கியிருப்பினும் ஐரோப்பியருக்காகவே பெரிதும் பயிரிடப்படுகிறது என்னும் கருத்தைப் பதிவு செய்துள்ளது. நம் மூதாட்டியர் அதனைச் சீமைத்தக்காளி என்றனர். திவசச் சமையலில் அதனைச் சேர்க்காத இல்லங்கள் இன்றும் உள. காலப்போக்கில் சீமை என்னும் அடைமொழி உதிர்ந்தது. விருந்தாளி வீட்டுக்காரன் பெயரையே எடுத்துக்கொண்டான். மணத்தக்காளிதான் அடைமொழியோடு ஒதுங்கி நிற்கின்றது.

இந்த எண்ணம் நமக்கு எழுந்தது ஒரு வித்துப் பொட்டலத்தால். பாறசாலைக்கு அருகில் குடியிருக்கையில், ஊதாத் தோலுடைய சிறுதரத் தக்காளி வித்துகளை உறவினர் ஒருவர் நமக்கு அனுப்பினார். பொட்டலத்தின்மேல் செர்ரி என்று கண்டிருந்தது. மொழிபெயர்ப்பே நமக்குத் தொழிலாதலால், செர்ரியைக் கண்டிராத ஊருக்கு அப்பெயரை எவ்வாறு தருவது என்று எண்ணியவாறே வித்துகளை நட்டோம்.

முதல் முயற்சி தோற்றது. காலையில் தழைத்து நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே மாலையில் துவண்டது. தண்டை அறுத்துத் தெளிந்த நீரில் நிறுத்தினோம். வெண்மையான கசிவு நூல்போல் இறங்கிற்று. அது பாக்டீரியா வாடல் நோய்க்கு அடையாளம். புளிப்பு மிகுந்த செம்மண்ணும் ஈரமும் சேர்ந்த இப்பகுதியில் தக்காளிக்கு அதுவே பெரும்பகை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதனைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா முதலிய வகைகளை உருவாக்கியதும் இக்காரணத்தாலேயே. மறுமுறை ஐப்பசியில் வித்திட்டு, நார்க்கழிவும் சாணமும் சிறிது சுண்ணாம்பும் கலந்து தொட்டிகளில் நட்டோம். இரு நாற்றுகளைச் சுண்டைச் செடியின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டினோம். தை முடிவில் காய் கண்டது.

இந்த ஊதா நிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சிலி நாட்டிலும் கலாபகோசுத் தீவுகளிலும் வளரும் காட்டுத் தக்காளிகளை நாட்டுப் பயிரோடு கலக்கும் முயற்சி 1960களில் நடைபெற்றது. அவ்வழித் தோன்றிய வித்துகளைக் கொண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2012இல் இண்டிகோ ரோஸ் என்னும் வகையை வெளியிட்டனர். சிறு பழ வகைகள் பின்னர் வந்தன. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிலையத்தார் வேறொரு பூச்செடியின் மரபணுவைப் புகுத்தி உள்ளும் புறமும் ஊதாவான தக்காளியை ஆக்கி 2008இல் அறிவித்தது தனிக்கதை. நம் தொட்டியில் காய்த்தது ஒரிகன் வழியைச் சேர்ந்தது. அதற்குத் தோல் மட்டுமே ஊதா. அதுவும் வெயில் பட்ட இடத்தில்தான். காம்பின் புல்லிதழ் மறைத்த இடத்தில் விண்மீன் வடிவில் நிறமற்ற தழும்பு இருக்கும். கத்தரிக்காய்க்கும் நாவற்பழத்துக்கும் நிறந்தரும் அந்தோசயனின் என்னும் பொருளே இதற்கும் நிறந்தருகின்றது.

நிறத்தை நம்பி முதலில் ஏமாந்தோம். ஊதா ஏறியதும் பறித்துக் கடித்தால் பச்சைக் காயின் துவர்ப்பு. பழத்தின் அடிப்புறம் சிவந்து, தோலின் பளபளப்பு மங்கிய பிறகே அது உண்ணத்தக்கது. அப்போது புளிப்பும் இனிப்பும் ஒத்து நிற்கின்றன. தோல் மட்டும் சற்றுத் தடிப்பு. பக்கத்து வீட்டு மூதாட்டி ஒன்றை வாயிலிட்டுப் பார்த்து, "மக்களே, இது நம்ம மணத்தக்காளிதானே? கொஞ்சம் வண்ணம் வச்சிருக்கு" என்றார். பருத்திருக்கிறது என்பதை அவ்வூரார் அப்படிச் சொல்வர். நாம் பல நாள் தேடிய மொழிபெயர்ப்பு அதுவே. கருத்த, சிறிய, உருண்ட பழத்துக்கே தக்காளி என்னும் பெயர் முதலில் உரியது என்பதை அம்மூதாட்டியின் நா மறக்கவில்லை.

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிடலாகாது. கேரளத்தார் உண்ணும் தக்காளியில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரிகளில் வருகின்றது. 2021 நவம்பரிலும் 2023 ஜூலையிலும் கிலோ நூறு ரூபாயைக் கடந்தபோது, எல்லைப்புற இல்லங்கள் மீண்டும் புளியையே நாடின. நான்கு தொட்டிச் செடிகள் ஒரு குடும்பத்தின் தேவையை முற்றும் தீர்க்கமாட்டா. எனினும் வித்தை எடுத்து வைக்கும் பழக்கத்தை அவை திரும்பக் கொணரும். கலப்பின வித்தாயின் அடுத்த தலைமுறை தாயைப்போல் வாராது. இண்டிகோ ரோஸ் போன்ற நிலைத்த வகையாயின் வரும். நன்கு பழுத்த பழத்தின் வித்தை இரண்டு மூன்று நாள் நீரில் புளிக்கவைத்து, அலசி, நிழலில் உலர்த்தினால் போதும்.

நாமும் அவ்வாறே எடுத்துவைத்து, அதில் ஒரு பங்கை மூதாட்டிக்குக் கொடுத்தோம். அவர் பதிலுக்குத் தம் கிணற்றடியிலிருந்து ஒரு மணத்தக்காளி நாற்றைப் பிடுங்கித் தந்தார். இரண்டும் இப்போது ஒரே வரிசையில் நிற்கின்றன.